சிற்றுயிர்ச் சான்று

நுழையும்முன்

மனிதர் எவரும் காணாத இடத்தில் நிகழும் குற்றத்தையும் காண்பவை உண்டு. அவை பேசுவதில்லை, எவருக்கும் அஞ்சுவதில்லை, எவரிடமும் கையூட்டுப் பெறுவதில்லை. ஆயினும், அவற்றின் வாழ்க்கையை அளந்து அறியத் தெரிந்தவருக்கு அவை காலத்தைச் சொல்லும். ஈ, வண்டு முதலிய சிற்றுயிர்களைத் துணைகொண்டு குற்றத்தின் உண்மையை ஆராயும் தடயப் பூச்சியியல் எவ்வாறு செயல்படுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அரிவாளை மொய்த்த ஈக்கள்

சீன நாட்டைத் தெற்குச் சோங் அரசமரபு ஆண்ட காலம். சிற்றூர் ஒன்றின் வழியோரத்தில் ஒருவர் வெட்டுண்டு இறந்து கிடந்தார். விசாரிக்க வந்த அதிகாரி முதலில் வழிப்பறிக் கள்வரை ஐயுற்றார். ஆனால், இறந்தவருடைய உடைமைகள் எவையும் களவு போகவில்லை. உடலிலோ பத்துக்கும் மேற்பட்ட காயங்கள். அனைத்தும் கதிரரிவாளால் ஏற்பட்டவை. பொருளுக்காகக் கொல்பவன் உயிர் பிரிந்ததும் பொருளை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். இத்தனை முறை வெட்டியிருக்கமாட்டான். ஆகவே, பகையே காரணம் எனத் தெளிந்த அதிகாரி, இறந்தவரின் மனைவியை அழைத்து வினவினார். தம் கணவருக்குப் பகைவர் எவரும் இல்லை என்றும், அண்மையில் ஒருவன் கடன் கேட்டு வந்து பெறாமல் திரும்பிச் சென்றது மட்டும் உண்டு என்றும் அவர் கூறினார்.

அக்கம்பக்கத்தார் அனைவரும் தத்தம் அரிவாள்களைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். மறைப்பவர் கொலையாளியாகக் கருதப்படுவார் என ஆணை பிறந்தது. எழுபது எண்பது அரிவாள்கள் தரையில் வரிசையாகப் பரப்பப்பட்டன. வெயில் கடுமையாகக் காய்ந்தது. சிறிது நேரத்தில் ஈக்கள் பறந்து வந்து ஒரே ஓர் அரிவாளை மட்டும் மொய்த்தன. அது, கடன் கேட்டு வந்தவனுடைய அரிவாள். அவன் மறுத்தான். மற்றவர் அரிவாள்களை நாடாத ஈக்கள் அவனுடையதை மட்டும் நாடுவதற்குக் காரணம், கழுவியும் நீங்காத குருதியின் வாடையே என்று அதிகாரி எடுத்துக்காட்டியதும் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர் சோங் ச்சி என்னும் நீதித்துறை அலுவலர். 1247ஆம் ஆண்டில் அவர் தொகுத்த நூலின் பெயர், 'இழைக்கப்பட்ட அநீதியைக் கழுவுதல்' என்னும் பொருள்பட அமைந்தது. குற்றவாளியைப் பிடிப்பது பற்றிய நூலுக்கு இப்படியொரு பெயரா என்று தோன்றலாம். தவறான விசாரணையால் குற்றமற்றவர் தண்டனை பெறுவதைத் தடுப்பதே அவர் தம் முதல் நோக்கமாகக் கொண்டிருந்தார்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஈக்களையே வியப்பர். ஈ வருமுன்பே அதிகாரி தம் அறிவால் பாதித்தொலைவு நடந்துவிட்டார் என்பதைக் கவனித்தல் வேண்டும். உடைமை களவு போகவில்லை என்பதைக் கண்டதும், காயத்தின் எண்ணிக்கையிலிருந்து பகையை உய்த்துணர்ந்ததும், கடன் கேட்டவனைப் பற்றிக் கேட்டறிந்ததும் அவரே. ஈக்கள் கொலையாளியைக் காட்டவில்லை. குருதி இருந்த இடத்தைக் காட்டின. அதற்குப் பொருள் கண்டவர் மனிதர். இன்றைய தடயப் பூச்சியியலிலும் இவ்வேறுபாடு அப்படியே நிற்கிறது.

'புழு வைத்தது'

கெட்டுப்போன உணவைக் கண்டால், "புழு வைத்துவிட்டது" என்பது தமிழர் பேச்சு வழக்கு. அப்பொருளே புழுவைப் பெற்றதுபோல ஒலிக்கும் தொடர் இது. பேச்சில் மட்டுமன்று, அறிவுலகிலும் நெடுங்காலம் இக்கருத்தே நிலவியது. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினர்.

1668ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ ரெடி இந்நம்பிக்கையைச் சோதித்தார். இறைச்சி இட்ட கலங்கள் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தார். திறந்த கலங்களில் ஈக்கள் அமர்ந்தன; பின்னர்ப் புழுக்கள் நெளிந்தன. மூடிய கலங்களில் இறைச்சி அழுகியதேயன்றிப் புழு தோன்றவில்லை. மெல்லிய துணியால் வாய்கட்டிய கலத்தில் காற்று புகுந்தும் புழு உண்டாகவில்லை. ஈ இட்ட முட்டையே புழுவாகிறது என்பது உறுதியாயிற்று.

ரெடி கொலை வழக்கு எதையும் எண்ணி இச்சோதனையைச் செய்யவில்லை. எனினும், தடயப் பூச்சியியலுக்கு இது அடிமனையிட்டது. புழு தானாகத் தோன்றுவதாயின் அதன் வயதுக்குப் பொருளேயில்லை. முட்டையிலிருந்து தோன்றுவதாயின், முட்டையிடப்பட்ட நேரம் என ஒன்று இருந்தே தீரும். அந்த நேரத்தைத் தேடுவதே இத்துறையின் வேலை.

வெப்பத்தால் ஓடும் கடிகாரம்

உயிர் நீங்கிய உடலை முதலில் தேடி வருபவை ஊன் ஈக்கள். நீலமும் பச்சையுமாக உலோகம்போல் மின்னும் இவற்றை மீன் அங்காடிகளில் காணலாம். திறந்த வெளியில், வெப்பமான பகற்பொழுதில், இறந்த சில நிமிடங்களுக்குள்ளேயே இவை வந்துவிடுவதுண்டு. கண், மூக்கு, வாய், காயம் ஆகிய ஈரமான இடங்களைத் தேடிக் கூட்டங்கூட்டமாக முட்டையிடும்.

முட்டை பொரிந்து புழு வெளிவரும். புழு உண்டு பருத்து, இருமுறை தோலுரித்து, மூன்று பருவங்களைக் கடக்கும். எந்தப் பருவத்துப் புழு என்பதை அறிய நல்ல வழி ஒன்று உண்டு. புழுவின் பின்முனையில் இரண்டு மூச்சுத்துளைகள் அமைந்துள்ளன. உருப்பெருக்கியில் நோக்கினால், இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு துளையிலும் இரு பிளவுகளும், மூன்றாம் பருவத்தில் மும்மூன்று பிளவுகளும் தெரியும். தன் வயதைத் தன் முதுகுப்புறத்திலேயே எழுதிக்கொண்டு திரியும் உயிர் இது. உண்டு முடித்த புழு உடலை விட்டு நீங்கி, சற்றுத் தொலைவு ஊர்ந்து, மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகும். அதன் தோலே இறுகிப் பழுப்புநிற உறையாகும். அவ்வுறையை உடைத்துக்கொண்டு முழு வளர்ச்சி பெற்ற ஈ வெளிவரும்.

ஒவ்வொரு படிநிலைக்கும் எவ்வளவு காலம் ஆகும்? இங்கேதான் இக்கடிகாரம் சுவர்க்கடிகாரத்தினின்று வேறுபடுகிறது. பூச்சிகள் தம் உடல்வெப்பத்தைத் தாமே பேணும் ஆற்றலற்றவை. சூழல் வெப்பம் மிகுந்தால் விரைந்து வளரும். குறைந்தால் மெல்ல வளரும். ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே, ஈயின் வயதை நாள்களால் மட்டும் அளத்தல் இயலாது. நாளையும் வெப்பத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

ஒரு கணக்கைக் காண்போம். ஓர் ஈயினத்தின் வளர்ச்சி நிற்கும் எல்லை 10 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். சராசரி வெப்பம் 30 டிகிரியாக உள்ள ஊரில் அதற்கு நாளொன்றுக்கு 20 அலகு வெப்பம் பயன்படும். சராசரி 15 டிகிரியாக உள்ள ஊரில் 5 அலகே பயன்படும். மூன்றாம் பருவத்தை எட்ட அதற்கு 60 அலகு தேவை எனில், முதல் ஊரில் மூன்று நாள்களில் எட்டிவிடும். இரண்டாம் ஊரில் பன்னிரண்டு நாள்கள் ஆகும். சென்னையில் கண்ட புழுவையும் உதகையில் கண்ட புழுவையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே அளவின. ஆகவே ஒரே வயதின என்று ஒருவர் கூறினால், அவர் ஒருவாரத்திற்கும் மேலாகப் பிழைபட்டிருப்பார். அந்த ஒரு வாரத்தில் ஒருவர் ஊரில் இருந்தாரா, இல்லையா என்பதே வழக்கின் முடிவைத் தீர்மானிக்கக்கூடும். எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட எண்கள் இவை. உண்மையில் எல்லையும் தேவையும் இனத்துக்கு இனம் மாறும்.

பிரெஞ்சு மருத்துவர்கள்

1850ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பழைய வீடொன்றைச் செப்பனிட்டபோது, அடுப்புச்சுவரின் பின்னே பச்சிளங்குழந்தை ஒன்றின் உலர்ந்த உடல் வெளிப்பட்டது. அங்குப் புதிதாகக் குடிவந்திருந்தோர்மேல் ஐயம் எழுந்தது. ஆய்வு செய்த மருத்துவர் பெர்ஷெரே, உடலில் கிடந்த ஈக்கூடுகளையும் அந்துப்பூச்சிப் புழுக்களையும் கொண்டு, அவ்வுடல் 1848இலேயே அங்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும் எனக் கணித்தார். அப்போது அவ்வீட்டில் குடியிருந்தோர் வேறு. இதனால் புதியவர்மேல் இருந்த ஐயம் அகன்றது. ஆனால், பூச்சியின் ஒரு தலைமுறை முற்றுப்பெற ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்று பெர்ஷெரே கருதியிருந்தார். அது பிழையான கருத்து. இத்துறையின் தொடக்கத்திலேயே அதன் ஆற்றலும் இடரும் ஒன்றாகக் கலந்திருந்தன.

அவருக்குப் பின்வந்த ழான் பியேர் மெஞ்ஞன் என்னும் படைக் கால்நடை மருத்துவர், 1894இல் வெளியிட்ட நூலில், திறந்தவெளியில் கிடக்கும் உடலைப் பூச்சிகள் எட்டு அணிகளாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தடைகின்றன என்று வகுத்துரைத்தார். ஈக்கள் முதலில் வரும். உடல் உலர உலரத் தோல் வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் வரும். விருந்துக்கு வருவோரின் வரிசை போன்றது இது. எட்டு என்ற எண்ணிக்கை எல்லா நாட்டுக்கும் பொருந்தாது எனினும், வரிசை உண்டு என்ற கருத்து நிலைத்துவிட்டது.

ஓடைக்கரையில் கிடந்த பொதிகள்

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள். ஸ்காட்லாந்தில் மொஃபட் என்னும் ஊருக்கு அருகே, பாலம் ஒன்றின்மேல் நின்று கீழே நோக்கிய பெண்ணொருவர் ஓடைக்கரையில் கிடந்த பொதிகளைக் கண்டு திடுக்கிட்டார். அவற்றில் இருந்தவை மனித உடலின் பகுதிகள். பல நாள்கள் தேடியபின், அவை இரண்டு பெண்களுடையவை எனத் தெரிந்தது. அடையாளம் காட்டக்கூடிய உறுப்புகளைக் கொலையாளி திறமையாக நீக்கியிருந்தான். விரல் நுனிகளும் முகத்தின் கூறுகளும் சிதைக்கப்பட்டிருந்தன. உடற்கூறு அறிந்த ஒருவரின் கைவண்ணம் அதில் தெரிந்தது. எதை மறைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எது தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்பதோ முழுதும் தெரிந்திருக்கவில்லை.

முதலில் காட்டிக்கொடுத்தது தாள். பொதி சுற்றிய நாளிதழ்களுள் ஒன்று, செப்டம்பர் 15ஆம் நாளிட்ட 'சண்டே கிராஃபிக்'. உள்ளூர் விழா ஒன்றையொட்டி அச்சான தனிப்பதிப்பு அது. இங்கிலாந்தின் மோர்கம், லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டுமே அது விற்பனையாயிற்று. விசாரணை தெற்கே, ஏறத்தாழ நூறு மைல் தொலைவிலுள்ள லங்காஸ்டரை நோக்கித் திரும்பியது. அங்கு மருத்துவர் பக் ரக்ஸ்டன் என்பவரின் மனைவியாக வாழ்ந்தவரையும், வீட்டுப் பணிப்பெண்ணையும் செப்டம்பர் 14 இரவுக்குப் பின்னர் எவரும் காணவில்லை. ரக்ஸ்டன் மும்பையில் பிறந்த பார்சி. லங்காஸ்டரில் நோயாளிகளின் நன்மதிப்பைப் பெற்றிருந்தவர்.

கண்டெடுத்த மண்டையோடு ஒன்றின் ஒளிப்படத்தை, காணாமற்போன பெண்ணின் ஒளிப்படத்தின்மேல் பொருத்திப் பார்த்தார் பேராசிரியர் பிராஷ். அதே வேளையில், உடற்பகுதிகளில் நெளிந்த புழுக்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் மெர்ன்சிடம் சென்றன. அவை நீலநிற ஊன் ஈயின் புழுக்கள். அப்பகுதியின் வெப்பநிலையையும் புழுக்களின் வளர்ச்சியையும் கருதிய மெர்ன்ஸ், அவற்றின் வயது பன்னிரண்டு முதல் பதினான்கு நாள் எனக் கூறினார். செப்டம்பர் 29இலிருந்து பின்னோக்கி எண்ணினால், அது செப்டம்பர் 15 முதல் 17 வரையிலான நாள்களைச் சுட்டும்.

செப்டம்பர் 17 அன்று, லங்காஸ்டருக்கு வடக்கேயுள்ள கெண்டல் நகரில், மிதிவண்டியில் சென்ற ஒருவரை ரக்ஸ்டனின் மகிழுந்து மோதிவிட்டு நிற்காமல் சென்றது. மோதப்பட்டவர் ஊர்தியின் எண்ணைக் குறித்துக் காவலரிடம் கொடுத்துவிட்டார். தாள் ஊரைச் சொன்னது; ஒளிப்படம் ஆளைச் சொன்னது; மிதிவண்டிக்காரர் வழியைச் சொன்னார்; புழு நாளைச் சொன்னது. தனித்தனியே நின்றால் இவற்றுள் எதுவும் ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பப் போதாது. ஒன்றோடொன்று பொருந்தியபோது மறுப்பதற்கு இடமில்லாமற் போயிற்று. 1936ஆம் ஆண்டு மே 12 அன்று மான்செஸ்டர் சிறையில் ரக்ஸ்டனுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் புழுக்கள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

தெரியுமா?

இந்தியாவின் முதல் வேதியியல் தடய ஆய்வகம் 1849ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்டது. நஞ்சால் நேர்ந்த இறப்புகளை ஆராய்வதே அதன் தொடக்ககாலத் தலையாய பணி.

கடிகாரம் பொய் சொல்லுமா?

கடிகாரம் பொய் சொல்வதில்லை. படிப்பவரே பிழையாகப் படிக்கிறார். பூச்சியின் வயது, இறப்பின் காலம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. புழுவுக்கு வயது ஐந்து நாள் என்றால், அம்மனிதர் இறந்து குறைந்தது ஐந்து நாள் ஆகியிருக்கும் என்பதே பெரும்பாலும் பொருள். உடல் பூட்டிய அறையிலோ, இறுகக் கட்டிய பையிலோ, ஆழமான மண்ணிலோ கிடந்திருந்தால் ஈ வந்துசேரக் காலம் தாழ்ந்திருக்கும். நள்ளிரவில் நேர்ந்த இறப்பாயின், ஈக்கள் பெரும்பாலும் விடியும்வரை முட்டையிடா. இந்த இடைவெளியை மறந்து, புழுவின் வயதையே இறப்பின் நேரமாகச் சொல்லும் சான்றுரை ஆபத்தானது.

புழுக்கள் பல்லாயிரக்கணக்கில் ஓரிடத்தில் திரளும்போது அவற்றின் அசைவாலும் செரிமானத்தாலும் பெருவெப்பம் உண்டாகிறது. புறத்தே குளிர்ந்திருந்தாலும் திரளின் நடுவே வெப்பமானியை நுழைத்தால் பத்து டிகிரிக்கும் மேலாக உயர்ந்திருக்கக் காணலாம். வானிலை நிலையத்தின் கணக்கை மட்டும் நம்பினால் இவ்வெப்பம் விடுபட்டுப் போகும். புழுவின் வயது மிகையாகத் தோன்றும்.

இறந்தவர் உட்கொண்ட பொருளும் கணக்கில் புகும். கொக்கைன் கலந்த தசையை உண்ட புழுக்கள் வழக்கத்தைவிட விரைந்து வளர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாலத்தியான் போன்ற பூச்சிக்கொல்லியை உட்கொண்டு இறந்தவரின் உடலில் ஈக்கள் குடியேறக் காலந்தாழ்த்தும். பூச்சியைக் கொல்லும் மருந்து பூச்சியின் சாட்சியத்தையும் தள்ளிப்போடுகிறது. ஆனால், இதிலும் ஒரு நன்மை உண்டு. குருதியும் தசையும் அழிந்துபோன நிலையில், எஞ்சிய புழுக்களையும் வெற்றுக் கூடுகளையும் வேதியியல் ஆய்வுக்கு உட்படுத்தி, இறந்தவரின் உடலில் நஞ்சு இருந்ததா என அறியலாம்.

இந்தியாவில், தமிழகம் உட்படப் பல பகுதிகளிலும் இருவகை ஊன் ஈக்கள் மிகுதி. ஒன்று கிரைசோமியா மெகாசெபாலா. பெருந்தலையும் சிவந்த பெருங்கண்களும் உடையது. மற்றொன்று கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ். இதன் புழு, உடல்முழுதும் முள்போன்ற சதைப் புடைப்புகள் கொண்டது; வளர்ந்தபின் பிற ஈக்களின் புழுக்களையும் பிடித்துத் தின்னும். முதலில் வந்த ஈயின் புழுக்களை, பின்னர் வந்த ஈயின் புழுக்கள் தின்று தீர்த்துவிட்டால், எஞ்சியிருப்பது பிந்தித் தொடங்கிய கடிகாரம் மட்டுமே. இனம் அறியாது, புழு என்ற அளவில் எண்ணிக் கணிப்பவர் இங்கே சறுக்கிவிடுவார்.

களத்தில் செய்ய வேண்டியவை

இத்தனை இடர்களையும் மீறிச் சான்று நிலைக்க வேண்டுமாயின், அது களத்திலேயே முறையாகத் திரட்டப்பட வேண்டும். புழுக்களுள் மிகப் பெரியவற்றைத் தேடியெடுப்பர். அவையே முதலில் இடப்பட்ட முட்டைகளிலிருந்து வந்தவை. ஒரு பகுதியை வெந்நீரிலிட்டு உடனே கொன்று, பின் எத்தனால் கரைசலில் காப்பர். நேரே எத்தனாலில் இட்டால் புழு சுருங்கிக் கறுத்துவிடும். நீளத்தை அளத்தல் இயலாது. மற்றொரு பகுதியை உயிரோடு வளர்த்து ஈயாக்குவர். முழு வளர்ச்சி பெற்ற ஈயைக் கொண்டே இனத்தை ஐயமற உறுதிசெய்யலாம். புழுக்கள் ஊர்ந்துசென்று மண்ணில் புதைபவை ஆதலால், உடல் கிடந்த இடத்தைச் சுற்றியுள்ள மண்ணையும் சலித்துக் கூடுகளைத் தேடுவர். நிழலா, வெயிலா, துணி மூடியிருந்ததா, சாளரம் திறந்திருந்ததா என்பனவெல்லாம் குறிக்கப்படும். ஒரு புழுக்கூட்டைத் தவறவிட்டால் ஒரு தலைமுறையே கணக்கிலிருந்து விடுபடும்.

உடலைத் தூய்மை செய்யும் நல்லெண்ணத்தில் புழுக்களைக் கழுவி வடிகாலில் விட்டுவிடும் வழக்கம் பிணக்கூறாய்வு அறைகளில் நெடுங்காலம் இருந்தது. அருவருப்பு இயல்பானதே, ஆனால், அவ்வாறு கழுவிவிடப்பட்டவற்றுள் எத்தனை வழக்குகளின் விடை போயிற்று என்பதை எவராலும் கணக்கிட முடியாது.

திரட்டிய சான்று நீதிமன்றத்தை அடையும்போது, வல்லுநர் கருத்து என்ற முறையில் ஏற்கப்படுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 45ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தில் 39ஆம் பிரிவும் இதற்கு இடமளிக்கின்றன. வல்லுநர் சொல்வது கருத்து, தீர்ப்பு அன்று. எந்த வெப்பநிலையைக் கொண்டீர், எந்த நாட்டு வளர்ச்சி அட்டவணையைப் பயன்படுத்தினீர், அது இவ்வூர் ஈக்குப் பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவுவார். குளிர்நாட்டு ஈயை வளர்த்துக் கண்ட அட்டவணையை மதுரைக் கோடைக்குப் பொருத்த முடியாது. இந்திய ஈக்களை இந்திய வெப்பத்தில் வளர்த்துப் பெறும் அளவீடுகளுக்கு இதனாலேயே மதிப்பு மிகுதி.

இச்சான்று இறந்தவருக்கு மட்டும் உரியதன்று. படுக்கையில் கிடக்கும் முதியவரின் புண்ணிலோ, நெடுநேரம் துணிமாற்றாத குழந்தையின் உடலிலோ ஈப்புழு காணப்பட்டால், எத்தனை நாளாக அவர்களைக் கவனிக்க ஆளில்லை என்பதைப் புழுவின் வயதே சொல்லிவிடும். அன்றாடம் பார்த்துக்கொண்டோம் என்று உறவினரோ காப்பகத்தாரோ கூறும் சொல்லை, மூன்று நாள் வயதுடைய புழு மறுத்துவிடும்.

வாராத ஈ

சிலப்பதிகாரத்தில், கோவலன் கொலையுண்ட பின்னரே கண்ணகியின் சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டது. சான்று பிந்தி வருவது காப்பியத்தில் மட்டும் நிகழ்வதன்று.

2001ஆம் ஆண்டு சூலை 8 அன்று இரவு பத்து மணியளவில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து லாஸ் வேகஸ் நகரில், குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் ஒருவரின் உடல் கிடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்த் தம்மைத் தாக்கவந்த ஒருவனிடமிருந்து தப்பியதாகப் பதினெட்டு வயது இளம்பெண் ஒருவர் சிலரிடம் சொல்லியிருந்தார். அதைக் கேள்வியுற்ற காவல்துறை, இக்கொலையைப் பற்றிய வாக்குமூலமாகவே அதைக் கொண்டது. அவரைக் கொலையோடு பிணைக்கும் பருப்பொருள் சான்று எதுவும் இல்லை. சூலை 8ஆம் நாள் பகல்முழுதும் அவர் ஏறத்தாழ 170 மைல் தொலைவில் தம் பெற்றோரின் ஊரில் இருந்ததைப் பலர் கண்டிருந்தனர். கொலை அன்று அதிகாலையில் நிகழ்ந்தது என்று அரசுத்தரப்பு வாதிட்டது. கொன்றுவிட்டு விடியுமுன் ஊர் திரும்பியிருக்கலாம் அல்லவா? 2002இல் அவர் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் மறுவிசாரணை கிடைத்தது; 2006இல் மீண்டும் தண்டிக்கப்பட்டார்.

பல்லாண்டு கழித்து, பூச்சியியல் அறிஞர்கள் பழைய ஒளிப்படங்களையும் பிணக்கூறாய்வுக் குறிப்புகளையும் எடுத்து நோக்கினர். அவர்கள் தேடியது புழுவையன்று, புழு இல்லாமையை. உடலில் ஓர் ஈமுட்டைகூடக் காணப்படவில்லை. சூலை மாதம், பாலைநிலத்து நகரம், திறந்தவெளி, குருதி தோய்ந்த காயங்கள். அவ்வுடல் அதிகாலை முதல் அங்குக் கிடந்திருந்தால், அந்த நெடும்பகலில் ஊன் ஈக்கள் கூட்டமாக முட்டையிட்டிருக்கும். முட்டையே இல்லையெனில், பொழுது சாய்ந்து ஈக்கள் அடங்கிய பின்னரே அவர் இறந்திருக்க வேண்டும். அந்த மாலையில் அப்பெண் தம் ஊரில் இருந்ததில் எவருக்கும் ஐயமில்லை.

விசாரணையின்போது அவருடைய வழக்கறிஞர்கள் பூச்சியியல் வல்லுநர் ஒருவரையும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்று கருதிய நீதிமன்றம், 2017 டிசம்பரில் தண்டனையை நீக்கியது. அரசுத்தரப்பு குற்றச்சாட்டைக் கைவிட்டது. பதினெட்டு வயதில் கைதானவர், முப்பது வயதைக் கடந்தபின், 2018 சனவரியில் சிறைவாயிலைக் கடந்து வெளியே வந்தார்.